நின்றோட்டும் பலகையும் வின்டர்மியர் ஏரியும்

நீர்மேற் செல்லுதற்கு மக்கள் கண்ட கருவிகளுக்கு நம் மொழியிற் பெயர்கள் பல உள. புணை, தெப்பம், மிதவை, ஓடம், அம்பி, பஃறி, தோணி, நாவாய் என நிகண்டுகள் அடுக்கிச் செல்லும். இவற்றுள் ஒன்றனோடும் முற்றும் ஒவ்வாததும், எனினும் புணைக்கும் கட்டுமரத்திற்கும் தூரத்துச் சுற்றமாவதும் ஆகிய ஒரு கருவி இந்நாளில் மேனாட்டு ஏரிகளெங்கும் பரவியுள்ளது. பத்தரை அடி நீளமும் இரண்டரை அடிக்குச் சற்று மிகுந்த அகலமும் உடைய பலகையொன்று; அதன்மேல் ஒருவர் நிமிர்ந்து நின்று, தம் உயரத்தினும் நீண்ட ஒற்றைத் துடுப்பால் நீரைத் தள்ளிச் செல்வர். ஹவாய்த் தீவினர் அலைமேற் பலகையூர்ந்த பழக்கத்தினின்றும் தோன்றிய இவ்விளையாட்டு, இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் அத்தீவுகளிலேயே புத்துயிர் பெற்றுப் பிறநாடுகளுக்குச் சென்றது. சோழமண்டலக் கரையிற் கட்டுமரத்தின்மேல் நின்று துடுப்பு வலிக்கும் பரதவரைக் கண்ட நமக்கு இக்காட்சி அத்துணைப் புதியதன்று. வயிற்றுக்காகச் செய்யும் தொழில் ஆங்கே விடுமுறை நாளின் விளையாட்டாயிற்று என்பதே புதியது. இதனை 'நின்றோட்டும் பலகை' என ஈண்டு வழங்குவேன். இதனினும் நல்ல பெயர் காணவல்லார் காண்க.

மான்செஸ்டர் நகரில் தொழில்புரியும் எம் தமையனார், சென்ற ஆண்டு மே மாத இறுதி விடுமுறையில், தோழர் இருவருடன் வின்டர்மியர் ஏரிக்குச் சென்று இப்பலகையிற் சிறிது துன்புற்றார். அவர் கூறக் கேட்டதும், அதன்பின் இவ்வேரியைப் பற்றியும் இவ்விளையாட்டைப் பற்றியும் யான் படித்தறிந்தனவுமே இக்கட்டுரையின் பொருள்.

திருவள்ளுவர் தெரிந்துசெயல்வகை என்னும் அதிகாரத்தை அடுத்து, வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என மூன்று அதிகாரங்களை நிரலே வைத்தார். அவை வேந்தன் வினைமேற் செல்லுதலை நோக்கி எழுந்தவை. ஒரு பொழுதுபோக்கிற்கு அவற்றைத் துணையாக இழுத்தல் தகுமோ எனின், தகும் என்றே துணிகின்றேன். பலகைமேல் நிற்பவனுக்குக் காற்றும், குளிர்ந்த நீரும், பிறருடைய பெருங்கலங்களும் மாற்றார் வலியாகவே வந்து நிற்கின்றன. ஆயின் ஏரிக்குச் செல்வோர் அம்முறையைத் தலைகீழாக்கி, இடத்திலிருந்து தொடங்குதல் நன்று. இடத்தை அறியாதவன் தன் வலியை எதனோடு ஒப்பிட்டு அளப்பான்?

வின்டர்மியர் இங்கிலாந்தின் வடமேற்கே, ஏரிநாடு எனப்படும் மலைப்பகுதியில் உள்ளது. 'மியர்' என்பதே பழைய ஆங்கிலத்தில் ஏரியைக் குறிக்குஞ் சொல்லாதலின், வின்டர்மியர் ஏரி என நாம் கூறுவது கூறியது கூறலே; ஆயினும் பொருள் விளங்கற்பொருட்டு அக்குற்றத்தைப் பொறுத்துக்கொள்க. இங்கிலாந்தின் இயற்கை ஏரிகளுள் இதுவே பெரியது. வடக்குத் தெற்காக ஏறத்தாழ 10½ மைல் நீளமும், அகன்றவிடத்தும் ஒரு மைலளவே அகலமும், ஆழ்ந்தவிடத்து 200 அடிக்கு மேற்பட்ட ஆழமும் உடையது. ஏரி என்பதினும் நீண்டதொரு நீர்த்தெரு என்னலாம். இவ்வடிவமே இதன்கண் நெரிசலுக்கும் காற்றுக்கும் மூலகாரணமாகின்றது.

1844-ஆம் ஆண்டில் இவ்வேரிக்கு இருப்புப்பாதை இடுதற்கு முயன்றபொழுது, அந்நாட்டுப் பெரும்புலவராகிய வேர்ட்ஸ்வொர்த் அதனை வன்மையாக எதிர்த்தெழுதினார். மக்கள் திரள் வந்து மலைநாட்டின் அமைதியைக் குலைக்கும் என்பது அவர் அச்சம். பாதை 1847-இல் வந்தது, திரளும் வந்தது, இன்றளவும் வந்துகொண்டேயிருக்கின்றது. அவருடைய பாடல்களைப் பாடமாக ஓதி, ஆங்கே தனிமையும் அமைதியும் நிலவும் என எண்ணிச் செல்லும் மாணவன், கோடை விடுமுறை நாளிற் போனெஸ் என்னும் துறையில் வண்டி நிறுத்தவும் இடங்காணான். எளியோர் மலையைக் காண வருதல் தவறென்று அப்புலவரோடு யான் உடன்படேன். எனினும் அவர் கணக்குப் பிழையன்று என்பதை மட்டும் ஒப்புக்கொள்ளல் வேண்டும்.

ஏரியின் நடுப்பகுதியிற் கிழக்குக் கரைமேல் அமைந்தது போனெஸ். அதனெதிரே பெல் ஐல் என்னும் பெரிய தீவு குறுக்கிட்டு நீர்வழியைக் குறுக்குகின்றது. வடகோடியில் ஆம்பிள்சைடு ஊரைச் சார்ந்த வாட்டர்ஹெட் துறையும், தென்கோடியில் லேக்சைடு துறையும் உள்ளன. இம்மூன்றிற்கும் இடையே பெரிய உலாக்கப்பல்கள் நாள்முழுதும் போய்வருகின்றன. அவற்றுள் ஒன்றாகிய 'டெர்ன்' 1891-இல் நீரில் இறக்கப்பட்டது. நீராவி நீங்கி டீசல் எந்திரம் பூண்டு இன்றும் ஓடுகின்றது. இவையன்றிப் பாய்ப்படகு, விசைப்படகு, வாடகைக்கு விடும் சிறுபடகு முதலியவற்றிற்கு எல்லையில்லை. போனெஸிற்குச் சற்றுத் தெற்கே, வண்டிகளை அக்கரைக்கு ஏற்றிச்செல்லும் பாலப்படகு ஒன்று ஏரியைக் குறுக்கே கடக்கின்றது. அது தானே விரும்பியவாறு திரும்பும் கலமன்று. இருகரையிலும் பிணித்த இரும்பு வடத்தைப் பற்றிக்கொண்டு செல்வது. வடம் ஏரியின் நடுவில் ஆழத்தே கிடப்பினும், படகை அண்மிய இடத்தில் நீர்மட்டத்திற்கு எழும். பாலப்படகு கரையிலே நிற்கின்றது என்று எண்ணி அதன் முகத்தருகே பலகையைச் செலுத்துவோர் பலர். அது புறப்படின் விலகமாட்டாது, விலகவேண்டியவர் நாமே.

விசைப்படகுகள் வேகத்தில் ஒன்றையொன்று வென்ற காலம் இவ்வேரிக்கு உண்டு. 1930-ஆம் ஆண்டு ஜூன் 13-ஆம் நாள், சர் ஹென்றி சேகிரேவ் என்பார் மணிக்கு 98 மைலுக்கு மேற்பட்ட வேகத்தில் ஈண்டுப் படகு செலுத்தி உலகச் சாதனை நிறுவி, அன்றே, மீண்டும் ஓட்டிய ஓட்டத்திற் படகு கவிழ்ந்து உயிர்நீத்தார். நீரில் மிதந்த மரக்கிளையொன்றில் மோதியதே காரணம் என்பர். 2005 முதல் ஏரியெங்கும் வேகம் மணிக்கு 10 கடல்மைலளவிற்கு வரையறுக்கப்பட்டுள்ளது. சில பகுதிகளில் அதனினும் குறைவு. இவ்வரையறை வந்திராவிடின் நின்றோட்டும் பலகைக்கு இவ்வேரியில் இடமே இராது. ஆயினும் பெரிய கப்பலொன்று பைய ஊர்ந்தாலும் அது கிளப்பும் அலை சிறிதன்று. கப்பல் கடந்தபின், அச்சம் நீங்கி நாம் பராக்குப் பார்க்கும் வேளையிலே அவ்வலை வந்து சேரும். அதனைப் பக்கவாட்டில் ஏற்பவன் வீழ்வான். பலகையின் முகத்தை அலைக்கு நேராகத் திருப்பி, முழந்தாளிட்டு, துடுப்பின் இலையை நீரில் ஊன்றிக்கொள்வதே செயற்பாலது. முழந்தாளிடுதலை நாணமாகக் கருதும் இளைஞரே பெரிதும் நனைகின்றனர்.

இனிக் காலம். இதனுள் அடங்குவன இரண்டு: எந்த மாதம், எந்த நேரம். மே மாதத்தில் இங்கிலாந்தின் வெயில் சிலநாள் இனிதாயிருக்கும். காற்றின் வெப்பம் 24 பாகை ஏறியதென்று மகிழ்ந்து மெல்லிய சட்டையுடன் செல்வர். நீரோ அப்பொழுது 12 பாகையளவிலே இருத்தல் கூடும். மலையிற் பெய்த மழையும் உருகிய பனியும் சேர்ந்த நீர், ஒரு சில நல்ல நாட்களின் வெயிலைக் கணக்கிற் கொள்வதில்லை. 15 பாகைக்குக் குறைந்த நீரில் எதிர்பாராது வீழ்ந்தவனுக்கு மூச்சு திடுமெனத் தன்வயமிழந்து இரைக்கும். நீந்தவல்லானும் இதற்கு விலக்கல்லன். ஒரு நிமிட அளவு இத்திகைப்பு நீடிக்கும். அந்நிமிடத்தில் வாயினுள் நீர் புகுதலே பலருக்கு முடிவாகின்றது. ஆதலின் வீழ்ந்தவுடன் நீந்த முயலாது, மல்லாந்து மிதந்து, மூச்சு அடங்கும்வரை பொறுத்தல் வேண்டும் எனப் பயிற்றுவர். அதன்பின் ஏறக்குறைய பத்து நிமிடம் கைகால்கள் சொற்கேட்கும். அதற்குள் பலகைமேல் ஏறிவிடல் வேண்டும். உடல் முழுதும் குளிர்ந்து நினைவு மயங்குதற்கு இன்னும் ஒரு மணியளவு செல்லும் எனினும், விரல்கள் பற்றாதவனுக்கு அம்மணி நேரம் பெரிதும் பயன்படாது. எனவே உடுக்கவேண்டுவது காற்றிற்கு ஏற்ற உடையன்று. நீருக்கு ஏற்ற உடை. உடலை ஒட்டிய ரப்பர் உடையும், அதன்மேல் மிதவைச் சட்டையும் வெயில் நாளிலும் விலக்கற்பாலனவல்ல.

நேரத்தைப்பற்றிக் கூறின், காலை 8 மணிக்கு முன் நீரில் இறங்குவோர்க்கு இருவகை நலம் உண்டு. உலாக்கப்பல்கள் தம் நாளை இன்னும் தொடங்கியிரா. காற்றும் பெரும்பாலும் எழுந்திராது. நண்பகலுக்குப்பின் வெயிலால் மலைச்சரிவு சூடேறுங்கால் காற்று வலுக்கும். ஈண்டுப் பெரும்பான்மை வீசுவது தென்மேற்குக் காற்று. நீண்டொடுங்கிய ஏரியின் வடிவம் அதனைக் குழல்போற் பற்றி வடக்கே செலுத்துகின்றது.

தமையனாரும் தோழர்களும் தவறியது இக்காற்றினிடத்தேதான். போனெஸின் நெரிசலுக்கு அஞ்சி, அறிவுடையார் செய்வதுபோலவே மேற்குக் கரைக்குச் சென்று, ரே கோட்டைக்கு அணித்தான காட்டோரத்தில் நண்பகல் 1 மணிக்குப் பலகைகளை இறக்கினர். நீர் கண்ணாடிபோற் கிடந்தது. கரையோரத்து மரங்களும் மேடும் மேற்கிலிருந்து வந்த காற்றை மறைத்து நின்றமையே அதற்குக் காரணம் என்பதை அவர்கள் எண்ணிற்றிலர். கரையிலிருந்து கால்மைல் அகன்றபின் அம்மறைப்பு நீங்கிற்று. முதுகிற்பட்ட காற்று மெல்லத் தள்ள, தாம் விரைந்து செல்வது தம் திறமையால் என்று மகிழ்ந்தனராம். திரும்ப நினைத்தபொழுதே காற்றின் வலி தெரிந்தது. நிமிர்ந்து நின்றவனுடைய உடல் பாய்மரத்திற் கட்டிய பாயையொக்கும்; பாயைச் சுருட்டலாம், உடலைச் சுருட்டுவதெங்ஙனம்? முழந்தாளிட்டு வலித்தும் கரை அணுகவில்லை. அவ்வேளையில் உலாக்கப்பலொன்றின் அலை வந்தது. தோழருள் ஒருவர் வீழ்ந்தார். அவருடைய பலகைக்குத் தளைக்கயிறு கட்டவில்லை. ஆளை நீங்கி இலேசான பலகை காற்றில் இலைபோல் ஓடிற்று. நீந்திப் பிடித்தல் ஆகாதாயிற்று. நல்வினையாக, விசைப்படகில் வந்த குடும்பத்தினர் ஒருவர் அவரைக் கைதூக்கி ஏற்றினர். கால்மணி நேரம் அவராற் பேசக்கூடவில்லை என்றும், பற்கள் அடித்துக்கொண்ட ஒலியே கேட்டதென்றும் தமையனார் கூறினார். மூவரும் ஒருவாறு கிழக்குக் கரை சேர்ந்தனர். அவர்தம் செருப்பும், உணவும், வண்டியின் திறவுகோலும் மேற்குக் கரையில் இருந்தன. ஆம்பிள்சைடு வழியாகச் சுற்றிவரப் பல மைல். வெறுங்காலுடன் பலகைகளைத் தலைமேற் சுமந்து பெருவழியோரம் நின்ற தம்மை, உலாவந்தோர் படம் பிடித்தனர் என்று இப்பொழுது நகைக்கின்றார். அன்று நகைத்திலர். அப்படகு அவ்வழி வாராதிருந்தால் என்னாகும் என்று கேட்டேன்; அவர் மறுமொழி கூறவில்லை.

கரையினின்று ஏரியை நோக்கி வீசும் காற்றே தொடக்கத்தார்க்குக் கொடியது. ஏனெனின் கரையருகே அது தன்னை ஒளித்துக்கொள்ளும். கண்ணெதிரே உள்ள நீரை நோக்காது, நடு ஏரியின் நீர் நிறம் மாறியிருக்கின்றதா, அக்கரைப் பாய்ப்படகுகள் சாய்ந்து செல்கின்றனவா என்று நோக்குதல் வேண்டும். ஏரியிலிருந்து கரையை நோக்கி வீசுங் காற்றோ அலை மிகுந்ததாயினும் தவறியவனைக் கரைக்கே தள்ளும். எவ்வகைக் காற்றாயினும், அதனை எதிர்த்தே முதலிற் செல்லுக. களைத்தபின் அது நம்மை மீளக் கொணரும். பலர் இதனை மாற்றிச் செய்வது, முதற்பாதி இனிதாயிருத்தலினாலேயே. காற்று மணிக்கு 10 மைலுக்கு மிகும் எனக் கூறப்பட்ட நாளிற் புதியவர் இறங்காதிருத்தல் அமையும்.

வலியறிதலைப் பற்றி விரிவாகக் கூற வேண்டுவதில்லை. புதியவர் பலகையில் மணிக்கு 2 மைல் செல்வரெனக் கொள்க. வாட்டர்ஹெட்டிலிருந்து போனெஸ் ஏறத்தாழ 4 மைல். சென்று மீள 8 மைல். நான்கு மணி நேரம். அதுவும் காற்றில்லாத நாளில். படத்தில் விரலிடை அளவாகத் தோன்றுவது கைகளுக்கு அவ்வாறு தோன்றாது. நாட்கணக்கிற் பழகாதவர் முதன்முறை ஒரு மைல் சென்று மீளுவதே போதும்.

கருவியைப் பற்றிச் சில. காற்றடைக்கும் பலகையாயின் சதுர அங்குலத்திற்கு 12 முதல் 15 இராத்தல் அழுத்தம் வேண்டும்; எக்கி வலிக்கச் சலித்துப் பாதியில் நிறுத்தியவனுடைய பலகை நடுவே தொட்டில்போல் வளையும். துடுப்பு தன் உயரத்தின்மேல் ஒரு சாண் நீளம் இருக்க. துடுப்பின் இலை சற்றே சாய்ந்திருக்கும். அச்சாய்வு முன்னோக்கி இருத்தல் வேண்டும். நீரை அள்ளுவதுபோற் பின்னோக்கிப் பிடிப்பதே இயல்பென்று தோன்றுதலால், புதியவருட் பெரும்பாலார் அதனைத் திருப்பியே பிடிக்கின்றனர். கைப்பேசியை நீர்புகாப் பையிலிட்டு உடலிற் கட்டுக. பலகையிற் கட்டின் பலகையோடு போம். ஓர் ஊதுகுழலும் உடனிருத்தல் நன்று. கரையேறியபின் பலகையைக் கழுவி உலர்த்துக. ஓர் ஏரியின் வேண்டாப் பூண்டுகள் மற்றோர் ஏரிக்குச் செல்வது இத்தகைய கருவிகளின் ஈரத்திலேயே.

தளைக்கயிற்றைப் பற்றி மட்டும் தனியே கூறுதல் கடமை. ஏரியில் அக்கயிறு உயிர்காப்பது. தோழரின் கதை அதற்குச் சான்று. ஆயின் அதே கயிறு ஓடுநீரில் உயிர்கொல்வதாகலாம். 2021-ஆம் ஆண்டு அக்டோபர் 30-ஆம் நாள், வேல்ஸ் நாட்டில் ஹேவர்ஃபோர்ட்வெஸ்ட் நகரில், மழையாற் பெருகியிருந்த கிளெடா ஆற்றில் ஒன்பதின்மர் அடங்கிய குழு இப்பலகைகளிற் சென்றது. வழியில் நீர் குறுக்குக் கலிங்கொன்றின்மேல் வழிந்து வீழ்ந்தது. அதனைப் பற்றி அவர்களுக்கு முன்னரே தெளிவாக அறிவிக்கப்படவில்லை. நால்வர் இறந்தனர். அரசாங்கத்தின் கடல்விபத்துப் புலனாய்வுக் கிளை ஆராய்ந்து, முன்னேற்பாட்டின் குறைவைக் காரணங் காட்டிற்று. கணுக்காலிற் கட்டிய கயிறு ஓடுநீருக்கு ஏற்றதன்று என்பதும் அப்பொழுது பலருக்குப் புலனாயிற்று. சுழலினுட் குனிந்து கணுக்காலை எட்டுதல் இயலாது. இடையிற் கட்டி, ஒரே இழுப்பில் அவிழுங் கயிறே ஆற்றிற்குரியது. குழுவை நடத்தியவர்க்கு 2025-இல் பத்தரை ஆண்டுச் சிறைத்தண்டம் விதிக்கப்பட்டது.

ஆற்றின் செய்தியை ஏரிக் கட்டுரையில் ஏன் புகுத்தினாய் எனின், வின்டர்மியரின் தென்கோடியில் ஏரி குறுகிக் குறுகி, லெவன் என்னும் ஆறாகவே ஆகிவிடுகின்றது. லேக்சைடு துறைக்குத் தெற்கே அமைதியான நீர் மெல்ல அழைத்துச் செல்லும். நியூபி பிரிட்ஜ் என்னுமிடத்தில் ஆங்கும் ஒரு கலிங்கு உண்டு. ஏரி எவ்விடத்தில் முடிந்து ஆறு எவ்விடத்தில் தொடங்குகின்றது என்று நீரின்மேல் ஒரு கோடு கிழித்திருப்பாரில்லை. மழை மிகுந்த வாரத்தில் அத்திசையை நாடாதிருத்தலே புதியவர்க்குரிய திட்டம்.

இவ்வாண்டு தமையனார் மீண்டும் செல்ல நினைக்கின்றார். மாதம் மே அன்று, ஆகஸ்டு. நீர் அப்பொழுது ஓரளவு வெம்மை பெற்றிருக்கும். எனினும் கோடையில் ஏரியில் நீலப்பச்சைப் பாசி படர்வதுண்டாதலின், கரையில் எச்சரிக்கைப் பலகை உளதா என்று பார்த்தே இறங்குவர். முந்தின இரவே ஆம்பிள்சைடில் தங்கி, காலை 7 மணிக்கு அதே காட்டோரத்தில் இறங்கி, கரையினின்று ஐம்பது கசத்திற்கு மேல் அகலாது, தெற்கே காற்றை எதிர்த்து அரைமணி நேரம் சென்று மீள்வதாகத் திட்டம். வண்டியின் இரண்டாவது திறவுகோல் ஒருவருடைய கழுத்திற் கிடக்கும். கரையில் ஒருவர் நின்று, 9 மணிக்குள் மூவரும் மீளாவிடின் 999 என்னும் எண்ணை அழைப்பர். காற்று 10 மைலுக்கு மிகின் பலகைகளை வண்டியினின்றும் இறக்குவதேயில்லை என்றும் தமக்குள் உடன்படிக்கை செய்துள்ளனர். சென்ற ஆண்டு நீரில் வீழ்ந்த தோழர் மட்டும், மான்செஸ்டரிலிருந்து அவ்வளவு தூரம் சென்று இறங்காமல் மீளுவதா என்று அவ்வுடன்படிக்கைக்கு இன்னும் இசையவில்லையாம்.